மாத்துக்கல்லில் நின்றுபோன லேண்ட் ரோவர்

ஈப்போவுக்குத் தள்ளி, சிப்புத்தே பக்கம் இருந்த பழைய ரப்பர் தோட்டத்துக்கு எப்படிப் போவது என்று இந்த வலைப்பதிவில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லோரும் தங்கள் குடும்பத்துச் சமாதியைத் தேடிப் போகிறவர்கள். எனக்குத் தெரிந்த வழி, 1983 நவம்பரில் நான் போன வழிதான். அது அப்பாவின் உடலோடு போன பயணம். படம் ஒன்றும் கிடையாது, கேட்காதீர்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிற பயணமா அது?

அப்பா அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டியவர். மரம் வெட்டுவது என்றால் கோடரியால் அல்ல, பால் எடுக்க உளியால் பட்டை சீவுவதை அப்படித்தான் சொல்வோம். அம்மா இறந்ததும் அங்கேதான், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில். பிறகு தோட்டம் கைமாறியது. வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின. சனம் ஈப்போ பக்கம் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் வாடகை வீடு தேடிப் போனது. அப்பாவும் புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்தால் அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும்.

"இடம் எப்படிப்பா தெரியும்? எங்களைத்தான் அங்கே விட்டதே இல்லையே" என்று ஒருமுறை கேட்டேன். பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அம்மாவை எடுத்த அன்றைக்கும் நான் லயத்து வாசலோடு நின்றுவிட்டேன்.

"தலைமாட்டுல மங்கு ஒண்ணு கவுத்து வெச்சிருக்கேன்மா. பாத்தா தெரியும்" என்றார்.

மங்கு என்றால் ரப்பர் பால் வடிவதற்கு மரத்தில் கட்டி வைக்கிற பீங்கான் கிண்ணம். இது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நவம்பரில் அவருக்கு வாதம் வந்து வாய் அடைத்துவிட்டது. அதற்கு மேல் அவரிடம் எதையும் கேட்க முடியவில்லை. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

புது முதலாளியின் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினோம். ஒரே ஒரு நாள், மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் புல்டோசர் வருகிறது, செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை நடப்போகிறார்கள் என்றார்கள். அதாவது அன்றைக்கு அப்பாவை அங்கே கொண்டு சேர்க்காவிட்டால் இனி எப்போதும் சேர்க்க முடியாது.

சவ வண்டிக்காரர் மழைக்காலத்து லாட்டரைட் செம்மண் பாதைக்கு வரமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். பிறகு மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர் தேவராஜின் லேண்ட் ரோவர்தான். லகாட்டில் ஓர் ஈயச் சுரங்கம் மூடியபோது வாங்கியது. அதன் பெட்ரோல் இஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய லாரியின் டீசல் இஞ்சினை உள்ளே திணித்து வைத்திருந்தார். லாரி இருபத்து நாலு வோல்ட், இந்த வண்டி பன்னிரண்டு வோல்ட். அதனால் ஸ்டார்ட்டர் மோட்டரைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுக் கட்டிப் போட்டிருந்தார். உலகத்தில் அந்த மாதிரி ஸ்டார்ட்டர் ஒன்றே ஒன்றுதான் என்று பெருமையாகச் சொல்வார். அது கெட்டால் மாற்றும் கிடையாது என்பதும் அதற்குள் அடக்கம் என்று நான் சொன்னால் கோபம் வரும்.

அந்த ஸ்டார்ட்டர் ஒரு வாரமாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. நாலு தடவை சாவியைத் திருப்பினால் ஒரு தடவை சுற்றும். புறப்படும்போதே தேவராஜ் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பொதச்சிட்டுத் திரும்புற வரைக்கும் இஞ்சின் ஓடணும் லா. யாரும் சாவியத் தொடக்கூடாது."

பன்னிரண்டு மணிக்குப் புந்தோங்கிலிருந்து கிளம்பினோம். முன்னால் நானும் அவரும், பின்னால் பாடையில் அப்பா. தேவராஜின் சிநேகிதர் மைதீன் தன் கப்சாயில், அதாவது சின்ன மோட்டார்சைக்கிளில், பின்னால் வந்தார். மைதீன் அண்ணன் சிலிபினில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஈப்போவிலேயே வளர்ந்த என் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் குழி வெட்டுவதற்காகக் காலையிலேயே சங்குல் என்கிற மண்வெட்டியோடு போய்விட்டார்கள். மங்கு கவிழ்த்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

வழி இதுதான். புந்தோங்கிலிருந்து லகாட் சுமார் ஐந்து மைல், அங்கிருந்து பூசிங், பிறகு சிப்புத்தே. அந்தக் காலத்தில் நாங்கள் மைலைக் கட்டை என்போம். ஈப்போவிலிருந்து பதினாலாவது கட்டை தாண்டி இடது பக்கம் செம்மண் பாதை பிரியும். அதில் நாலு மைல் போனால் தோட்டத்துக் கேட். இடுகாடு இன்னும் மூன்று மைல் உள்ளே, பழைய ரெண்டாம் டிவிஷனில், ஓர் ஓடையைத் தாண்டி. லகாட் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும், அதுவும் அவர் பக்கம். எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு திருப்பம். அங்கேதான் மாத்துக்கல் இருக்கிறது, முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு அடித்த கல். பாடையை அந்த இடத்தில் இறக்கி, தலையும் காலும் திசை மாறும்படி திருப்பி வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மேலே கொண்டுபோவார்கள். செத்தவர் வந்த வழியை மறந்துவிட வேண்டும் என்பதற்காகவாம். பெண்கள் வந்தால் அந்தக் கல் வரைக்கும்தான் வரலாம்.

காவலுக்கு இருந்த ஜாகா பெருமாள் ஓடிவந்தார். வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர், வயது ஐம்பது இருக்கும். பாடையை இறக்க நாலு பேர் வேண்டும். தேவராஜ், மைதீன் அண்ணன், பெருமாள், மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது முனையை நான் பிடித்தேன். பெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றும் முற்றும் பார்த்து, விட்டுவிட்டார். அப்பா கனமே இல்லை. ஆஸ்பத்திரியில் அவ்வளவு கரைந்துபோயிருந்தார்.

பாடையைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்ததும் பெருமாள் வண்டியைக் காட்டினார்.

"இஞ்சின நிறுத்துங்க தம்பி. பாடை தரையில இருக்கறப்ப இஞ்சின் ஓடக்கூடாது. டிராக்டர்ல கொண்டாந்த காலத்துலேருந்து எந்தத் தோட்டத்துலயும் அப்படித்தான்."

தேவராஜ் என்னைப் பார்த்தார். நான் கற்பூரத்தை நனையாமல் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சாவியைத் தொடாதே என்று உபதேசம் செய்த மனுஷன், மூன்றே எட்டில் போய் இஞ்சினை அணைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மறந்து செய்யவில்லை. மாமனார் தரையில் கிடக்கும்போது வண்டி உறுமிக்கொண்டிருப்பது அவருக்கே பொறுக்கவில்லை. அதற்காக அவரை நான் இன்று வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாடையைத் திருப்பி வைத்தோம். கற்பூரம் மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. மறுபடி ஏற்றிவிட்டு அவர் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'டக்'. வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் ஸ்டார்ட்டரைத் தட்டினார். அது வழக்கமான வைத்தியம், தட்டினால் சுற்றும். இந்தத் தடவை புகைதான் வந்தது. கருகின வார்னிஷ் வாசனை மழையிலும் எனக்கு அடித்தது.

தள்ளிப் பார்த்தோம். முன்னால் மேடு, காலடியில் சேறு, வண்டி அசையவே இல்லை. பின்னால் உருட்டி ரிவர்ஸ் கியரில் எடுக்கலாம் என்று பார்த்தார். டீசல் இஞ்சின் அவ்வளவு லேசில் சுற்றிக் கொடுக்காது. சேற்றில் டயர் உருளாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அப்பாவோடு சேர்த்து வண்டி ஓரத்துக் காணுக்குள், அதாவது வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

"கழட்டிக் குடு மச்சான். லகாட்ல அந்த இரும்புக்கடைச் சீனத் தவுக்கேகிட்ட பாத்துட்டு வாரேன்" என்றார் மைதீன் அண்ணன்.

"அவன்கிட்ட இருபத்து நாலுதான் இருக்கும் லா. இதுல மாட்டுனா சுத்தாது."

"எது இருக்கோ அத வெச்சுப் பாப்போம். இங்க நின்னா மட்டும் சுத்திருமா?"

பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, தேவராஜ் மறுபடி சேற்றில் படுத்தார். அந்த ஸ்டார்ட்டரில் கீழ்ப் போல்ட்டைக் கழற்றுவது சுலபம். மேல் போல்ட் இஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் விரல்கூடப் போகாத இடத்தில் இருந்தது, வேறு வண்டியின் இஞ்சினைத் திணித்தால் அப்படித்தான். அதற்காகவே ஒரு ஸ்பேனரை அறுத்து வளைத்து வைத்திருந்தார். அரை மணிக்கு மேல் ஆனது. மைதீன் அண்ணன் அந்த இரும்புக் கட்டியைக் கப்சாயின் முன்கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டு மழைக்குள் போனார்.

அதற்கப்புறம் காத்திருந்ததுதான். பெருமாள் கேட்டுக்குப் போய்விட்டார். தேவராஜ் வண்டிக்கு வெளியே, தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து, சிகரெட்டைப் பற்றவைத்துப் பற்றவைத்துத் தோற்றுக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் அப்பாவோடு இருந்தேன். கூரையில் ஓர் ஓட்டை, அது சரியாக அவர் நெற்றிக்கு மேலே சொட்டியது. உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டேன். கை மரத்துப்போனால் அடுத்த கை. சுற்றிலும் வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் ஆயுசு முழுக்கச் சீவின மரங்கள். நல்லவேளை அவர் பார்க்கவில்லை என்று நினைத்தேன், நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. வீட்டில் பத்துப் பேர் கட்டிப்பிடித்து அழுதபோது வராத அழுகை.

நாலரை மணிக்கு மைதீன் அண்ணன் வந்தார். முன்கூடையில் ஸ்டார்ட்டர் ஒன்று, சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய பேட்டரி ஒன்று, காலடியில் கோணிப்பையில் எங்கள் பழைய ஸ்டார்ட்டர்.

"சொன்ன மாதிரி இருபத்து நாலுதான். ரெண்டு பேட்டரிய ஒண்ணோட ஒண்ணு சேத்து ஸ்டார்ட்டருக்கு மட்டும் குடுன்னான் தவுக்கே. பேட்டரிய இரவல் கேட்டேன். சவத்துக்குன்னு தெரிஞ்சதும் கையெடுத்துக் கும்புட்டான். பந்தாங்காம். காசு குடுத்து வாங்கிட்டுப் போயிரு, திருப்பிக் கொண்டாராதன்னுட்டான்."

"பழசையாச்சும் கழிவுல எடுத்திருக்கலாம்ல?"

"அதத் தொடவே மாட்டேனுட்டான் மச்சான். கூடையிலேருந்து எறக்கவே விடல."

பந்தாங் என்றால் ஆகாத காரியம். லகாட்டில் அந்தத் தவுக்கே நல்ல மனுஷன்தான். ஆனால் செத்தவரைச் சுமந்த வண்டியின் சாமான் எதுவும் அவர் கடைக்குள் வரக்கூடாது. இப்படியாக அந்தக் கருகிப்போன ஸ்டார்ட்டர் எங்களிடமே திரும்பிவந்தது.

மாட்டுவதற்கு முக்கால் மணி. ஓட்டைகள் பொருந்தின, பல்லும் பொருந்தியது, லாரி இஞ்சினுக்கு லாரி ஸ்டார்ட்டர்தானே. இரண்டு பேட்டரியையும் தடித்த கேபிளால் வரிசையாக இணைத்து, விளக்கு ஒயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டருக்கு மட்டும் கொடுத்தார். வண்டி குலுங்கியது, இருமியது, பிடித்துக்கொண்டது. மைதீன் அண்ணன் "யா அல்லா" என்று சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். உடனே கேபிளைப் பிரித்துவிட்டார்கள். இனி வழியில் அணைந்தால் மறுபடி இதே கூத்துதான்.

நான் பின்னால் ஏறி, வாங்கிவந்த பேட்டரியை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். சாய்ந்தால் ஆசிட் பாடைமேல் ஊற்றிவிடும்.

பெருமாள் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, "தங்கச்சி, பொம்பளைங்க இதுக்கு மேல..." என்றார்.

"மங்கு இருக்கிற அடையாளம் எனக்குத்தாண்ணே சொல்லியிருக்காரு. நான் போகாட்டி எங்கம்மா எங்க இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

பெருமாள் வழி விட்டு ஒதுங்கினார். "கேட்ட நான் பூட்டாம வெச்சிருக்கேன். சூப்பர்வைசர் வந்தா நான் பாத்துக்கிறேன், போங்க" என்றார்.

ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரைக்கும் இருந்தது. கப்சாயைக் கல்லடியிலேயே விட்டுவிட்டு மைதீன் அண்ணனும் எங்களோடு வண்டியில் ஏறியிருந்தார். ரெண்டாம் டிவிஷன் மேட்டில் ஏறியதும் மழை தூறலானது. என் தம்பிகள் இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாக நின்றிருந்தார்கள்.

"எங்கடா மங்கு?" என்று இறங்கும்போதே கேட்டேன்.

பெரியவன் கையால் சுற்றிக் காட்டினான்.

லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மழை அதைப் படுக்கவைத்திருந்தது. அதற்குள்ளே, மேட்டிலும் பள்ளத்திலும், எங்கே பார்த்தாலும் வெள்ளையாக மங்குகள் கவிழ்ந்து கிடந்தன. உடைந்தவை, பாதி புதைந்தவை, பாசி பிடித்தவை. அந்தத் தோட்டத்தில் யாருக்கும் கல்வெட்டு வைக்க வசதி கிடையாது. எல்லோர் தலைமாட்டிலும் எல்லோரும் மங்குதான் கவிழ்த்திருக்கிறார்கள். அங்கே போய் வந்த ஆண்களுக்கு இது தெரிந்த விஷயம். போகாத எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பார்த்தால் தெரியும் என்று அப்பா சொன்னாரே, அவர் பார்த்தால் தெரிந்திருக்கும்.

"எது பெரியம்மான்னு தெரியலக்கா. அந்த ஓரமா, ரெண்டு மங்குக்கு நடுவுல வெட்டியிருக்கோம்" என்றான் சின்னவன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

நான் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான், பீங்கானைத் தொட்டால் அம்மா தெரியுமா? முப்பது நாற்பது தொட்டிருப்பேன். "போதும் சரோ, இருட்டுது" என்று தேவராஜ் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். இவ்வளவு தூரம் கல்லைத் தாண்டி வந்தும் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் அது ஆறவில்லை.

அப்பாவை அந்த இரண்டு மங்குகளுக்கு நடுவிலேயே இறக்கினோம். பறை இல்லை, சங்கு இல்லை. லேண்ட் ரோவரை இந்தத் தடவை யாரும் அணைக்கச் சொல்லவில்லை. அது கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

மண்ணை மூடியதும் பெரியவன் புல்லுக்குள் தேடி ஒரு மங்கை எடுத்துவந்து தலைமாட்டில் கவிழ்க்கப் போனான். "வைக்காதே" என்றேன். சத்தம் போட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

 தேவராஜ் வண்டிக்குப் போய், கோணிப்பையிலிருந்து அந்தப் பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கிவந்தார். சங்குலால் ஆழமாகத் தோண்டி, பல்சக்கரம் மேலே இருக்கும்படி அதை நட்டு, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினார்.

"மங்கு வெச்சா மாமாவும் கூட்டத்துல சேந்துருவாரு. இது உலகத்துல ஒண்ணுதான்" என்றார்.

எப்போதும் நான் கேலி செய்கிற அந்தப் பேச்சை அன்றைக்கு அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கேட் திறந்தே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறை போயிருக்கிறேன். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. மங்குகள் ஒன்றுகூட இல்லை, புல்டோசர் வாரிக்கொண்டு போய்விட்டது. மாத்துக்கல் இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்குகிற கொட்டகை. ஆனால் ஓரமாகப் புதைத்ததால் அந்தப் பக்கம் தப்பித்தது. பனை வரிசையின் கடைசி மரத்தடியில் அந்த இரும்பு இருக்கிறது, பல்லெல்லாம் துருப்பிடித்து.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரும்பாலும் மழை குறைகிற ஜூன், ஜூலையில் போங்கள். ஆபீசில் முதலிலேயே அனுமதி வாங்குங்கள். ஓடைக்கு இப்போது பாலம் இருக்கிறது, ஆனாலும் உயரமான வண்டிதான் நல்லது. இஞ்சின் மாற்றிய வண்டி என்றால் ஸ்டார்ட்டர் எத்தனை வோல்ட் என்று ஓட்டுகிறவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். வீட்டில் பெரியவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய், கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பார்த்தால் தெரியும் என்று சொன்னால் விடாதீர்கள். பெண்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. பழைய இரும்பு எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் அடிக்கடி வருகிறார்கள் என்று கேள்வி. செம்பனை மரத்தடியில் துருப்பிடித்த மோட்டர் ஒன்று மண்ணுக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அது எங்கள் அப்பா. அம்மாவும் அங்கேதான் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார்.